எட்டில்லாத பட்டியல்

வேங்கடாசலத்தின் முகத்தைவிட அவன் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருடமாகக் கண்ணாடிக் கதவு வழியாக அதைத்தான் பார்க்கிறேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். சட்டைக் காலர் பின்பக்கம் நைந்து, வேறு நிற நூலால் தைத்திருக்கும். உள்ளே யார் வந்தாலும் திரும்ப மாட்டான். முதலாளி வந்தாலும் அதே முதுகுதான். மரியாதை தெரியாதவன் என்று ஆபீஸில் பேசுவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த ஆபீஸில் திரும்பிப் பார்க்கத் தகுந்த முகம் எது என்று என்னைக் கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் எங்கள் மாங்கூழ் ஃபேக்டரி. ஜூனும் ஜூலையும் தோத்தாபுரி மாங்காய் டிராக்டர் டிராக்டராக வந்து நிற்கும். அதைப் பிழிந்து பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். ஜெனரேட்டர், யுபிஎஸ், ஏசி மூன்றும் என் பொறுப்பு. என் அறைக்கும் வேங்கடாசலத்தின் சர்வர் அறைக்கும் ஒரே சுவர். வெளியே நாற்பது டிகிரி வெயில் கொளுத்தும்போது அவன் அறை ஊட்டி மாதிரி இருக்கும். அதனால் சீசனில் எல்லாருக்கும் அங்கே திடீரென்று வேலை வந்துவிடும். பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வந்து வேர்வை காயும்வரை நிற்பார்கள். அவன் திரும்பாமலே, "காஞ்சிச்சா? கெளம்பு" என்பான்.

அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஆறு சர்வர் ஓடுகிறது என்பான். கேட்டதற்கு ஒரே ஒரு தடவை விளக்கம் சொன்னான்.

"ஒரே வூட்ல ஆறு குடித்தனம் எத்திராஜு. ஒவ்வொருத்தனும் தனக்குன்னு தனித் தொட்டி, தனிக் குழாய் இருக்குதுன்னு நெனச்சிக்கினு கீறான். மாடியில இருக்கிறது ஒரே தொட்டிதான். எந்தத் தண்ணிய எவன் வூட்டுக்குத் திருப்பறதுன்னு நடுவுல ஒருத்தன் பாத்துக்கறான். நான் அந்த நடு ஆளோடதான் பேசறேன். டிஸ்க்கும் அவன் கையில, நெட்வொர்க்கும் அவன் கையில."

அந்த நடு ஆள் மனுஷன் இல்லை, ஒரு புரோகிராம். அதற்கு முகம் கிடையாது, பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினால் அது பதிலுக்கு நாலு வரி எழுதும். வேங்கடாசலம் வாழ்நாளில் யாரோடாவது மனம்விட்டுப் பேசியிருந்தால் அதோடுதான் பேசியிருப்பான். மவுஸை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. மேஜை இழுப்பறையில் அது பழைய பேட்டரியோடு கிடந்தது. "படத்தத் தொட்டுக்கினு இருக்கிறவன்லாம் இன்ஜினியராம்" என்பான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரியை அடித்து முடித்ததும் இரண்டு கையையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொள்வான். அடித்ததை வாய்விட்டு ஒருமுறை படிப்பான். பிறகுதான் என்டர் தட்டுவான். எத்தனை அவசரமானாலும் இது மாறாது. சார் மந்திரம் சொல்கிறார் என்று வெளியே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருத்தன்கூட ஒருநாளும் தவறில்லாமல் ஒரு கடிதம் டைப் அடித்தவன் இல்லை.

ஊர் குடிபாலா பக்கம். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற தமிழ்க் குடும்பம். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு சித்தூர் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வகுப்பில் இவன் தெலுங்கைக் கேட்டுச் சிரித்தார்களாம். வாயைத் திறக்காமலே மூன்று வருடம் முடித்தான் என்று அவன் தம்பி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனி. ஒன்பது வருடம் தரைக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து ஊரார் சர்வர்களையெல்லாம் கட்டி மேய்த்தான். நைனாவுக்குப் பக்கவாதம் வந்ததும் இரண்டு மாத லீவில் வந்தவன், திரும்பப் போகவில்லை. எங்கள் ஃபேக்டரியில் அப்போதுதான் இந்தப் பெட்டியை வாங்கி, யாருக்கும் ஓட்டத் தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பொங்கலுக்குக் குங்குமம்கூட வைத்தாயிற்று. இவன் வந்து துணியை எடுத்தான்.

இனி எட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய முதலாளிக்கு எட்டு என்றால் ஆகாது. அது சனியின் எண்ணாம். எங்கள் ஃபேக்டரியில் ஏழாம் கேட்டுக்கு அடுத்தது ஒன்பதாம் கேட்டு. தொட்டிகளிலும் எட்டாம் தொட்டி இல்லை. டிராக்டர்களுக்குக் கொடுக்கிற வரிசை டோக்கனில்கூட, கூட்டினால் எட்டு வருகிற எண் எதுவும் வரக் கூடாது என்று உத்தரவு. எட்டு, பதினேழு, இருபத்தாறு எல்லாம் தாண்டிப்போகும். முதலாளியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. உத்தரவு வருவதற்கு முன்னால் சாந்திபுரத்து ஆள் ஒருத்தனுக்குப் பதினேழாம் டோக்கன் கொடுத்தார்கள். அதைப் பாம்பைப் போட்ட மாதிரி கீழே போட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வரிசையின் கடைசிக்கே போய் நின்றான். அந்த லட்சணத்தில் இருக்கிற ஊர் இது.

ஒருநாள் பெரியவர் சர்வர் அறைக்கே வந்துவிட்டார். ரேக் கதவில் வேங்கடாசலம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தான். எந்த நம்பர் டிஸ்கில் எந்தச் சர்வர் இருக்கிறது என்கிற பட்டியல். அதில் எட்டு இருந்தது. பெரியவர் விரலால் தொடாமல் கைத்தடியால் காட்டினார்.

"எட்டு தீசெய்யி" என்றார். எடுத்துவிடு என்று அர்த்தம்.

"சரிங்க" என்றான்.

அரை மணியில் புதுப் பட்டியல் ஒட்டியாயிற்று. ஏழுக்கு அடுத்து ஒன்பது, பிறகு பத்து. டேப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்தான்.

"யோவ், உள்ளயும் மாத்திட்டியா?" என்று கேட்டேன்.

"உள்ள எதுக்கு? மிஷின் சைபர்லேர்ந்து வரிசையா எண்ணும், அதுக்கு சனியும் தெரியாது ஞாயிறும் தெரியாது. கெழவனுக்கு வெளிய இருக்கிறதப் படிக்கத்தானே தெரியும்? படிச்சிக்கினு போவட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சிரித்து அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் இல்லை. அன்றிலிருந்து மிஷினுக்குள் எட்டு என்றிருந்தது கதவில் ஒன்பது. உள்ளே ஒன்பது, கதவில் பத்து. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். வேறு யாருக்காவது சொல்லி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சொல்லத் தகுந்த ஆள் என்று ஒருத்தனையும் அவன் நினைக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நான் டேப் பிடிக்கிறவன்.

பெரியவர் படுக்கையில் விழுந்தார். மகன் யஸ்வந்த் வந்தான். எங்கேயோ கடல் தாண்டி இரண்டு வருடம் படித்ததாகக் கேள்வி. படித்தது என்னவென்று அவன் பேச்சிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கறுப்புத் திரை அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில் ஒரு பெட்டியை ஓட்ட இத்தனை எழுத்து எதற்கு என்றான். திருப்பதியில் ஒரு கம்பெனியைப் பிடித்து, அங்கிருந்து சாய்குமார் என்கிறவனைக் கூட்டிவந்தான். இருபத்தெட்டு வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதில் இவன் முகத்தைவிடப் பெரிதாகக் கம்பெனி பெயர். வந்த முதல் நாளே ஏசி இன்னும் குறைக்க முடியுமா என்று என்னைக் கேட்டான்.

திருப்பதியில் திறக்கப்போகிற ஆபீஸுக்காக அதே பெட்டிக்குள் ஏழாவதாக ஒரு சர்வர் உண்டாக்க வேண்டும். அதை சாய்குமார் செய்வான், வேங்கடாசலம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அதுவும் சீசன் நடுவில், ஜூன் கடைசி வாரத்தில்.

"ரெண்டு வாரம் போவட்டும். இப்ப டோக்கன் ஓடுது" என்றான் வேங்கடாசலம்.

"மீரு வெயிட்பிரிட்ஜ் தக்கர உண்டண்டி" என்றான் யஸ்வந்த். நீ போய் எடைமேடைப் பக்கம் நில் என்பதை மரியாதையாகச் சொன்னான். இவனும் சாய்குமார் பெயரில் தனியாக ஒரு பாஸ்வேர்ட் போட்டு, அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனான். கதவுப் பட்டியலைப் பற்றி அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ரோஷமாம். இந்த ரோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு பல்பு எரிக்க முடியாது.

அன்றைக்கு கேட்டுக்கு வெளியே முந்நூறு டிராக்டருக்கு மேல் நின்றது. முன் வருடம் டோக்கன் சீட்டைச் சித்தூரில் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு நாலு வைத்துக்கொண்டு அடிதடி ஆனது. அதிலிருந்து கையில் இருக்கிற சீட்டுக்கு மதிப்பு கிடையாது. சர்வரில் யார் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் வரிசை. அடுத்த எண் வாசல் பலகையில் சிவப்பாக எரியும். அப்போது எரிந்தது நூற்று நாற்பத்திரண்டு. நூற்று நாற்பத்துமூன்றைக் கூட்டினால் எட்டு, அது கிடையாது. அடுத்தது நூற்று நாற்பத்துநான்கு, புத்தூர்ப் பக்கத்துக் கமலம்மாவுடையது.

அந்த அம்மாள் மூன்று நாளாக டிராக்டருக்கு அடியிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தாள். அடியில் இருந்த காய் பழுத்துச் சாறு ஒழுக ஆரம்பித்திருந்தது. இன்னொரு நாள் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். வரிசை கலைந்து மறுபடி முதலிலிருந்து என்றாலோ, பின்னால் கொடி கட்டி நிற்கிற கட்சிக்காரர்களின் டிராக்டர்கள் முன்னால் வந்துவிடும். கமலம்மா மாதிரி ஆட்கள் கதி அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு நான் சர்வர் அறையில் ஏசி ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சாய்குமார் கதவில் இருந்த பட்டியலைப் போனில் போட்டோ எடுத்தான். பட்டியல்படி ஒன்பது காலி. திரையில் மிஷினைக் கேட்டான். ஒன்பதாவது டிஸ்க் யாருக்கோ மாட்டியிருப்பதாக மிஷின் சொன்னது.

"காலி டிஸ்கை எவரோ சும்மா மாட்டி வெச்சிருக்காங்க" என்று யஸ்வந்திடம் சொன்னான். "பழைய ஆளுங்க வேலையெல்லாம் இப்படித்தான் சார்."

மிஷின் உண்மையைச் சொல்கிறது, காகிதம் பொய் சொல்கிறது. இவன் காகிதத்தை நம்பினான். ஒரு வரி அடித்தான், படிக்கவில்லை, தட்டினான். டோக்கன் சர்வரின் கையிலிருந்து டிஸ்க் பிடுங்கப்பட்டது. இன்னொரு வரி. அது புதுச் சர்வருக்கு மாட்டப்பட்டது.

அடுத்த நிமிஷம் வெளியே ஹாரன். முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு கணக்கில்லாமல். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலகை இருட்டாக இருந்தது. கரண்ட் போகவில்லை, அது என் இலாகா, எனக்குத் தெரியும்.

வேங்கடாசலம் எடைமேடையிலிருந்து வந்தான். ஓடி வரவில்லை, அவன் ஓடவே மாட்டான். உள்ளே வந்து திரையைப் பார்த்தான். புதுச் சர்வரில் விண்டோஸோ வேறென்னவோ ஏற்றுவதற்கு முன்னால் மிஷின் கேட்டுக்கொண்டு நின்றது, இந்த டிஸ்கில் ஏற்கெனவே என்னவோ இருக்கிறது, அழித்துவிடலாமா என்று. சாய்குமாரின் விரல் என்டர்மேலேயே இருந்தது.

"கைய எடு."

"எக்ஸ்க்யூஸ் மீ?"

"கைய எடுறா. அது டோக்கன் டிஸ்க். கழட்டனது போவட்டும், திருப்பி மாட்டிக்கலாம். அதுமேல எழுதிட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"ஒன்பது காலின்னு லிஸ்ட்ல இருக்கே. பாருங்க சார்." போனை யஸ்வந்த் மூக்குக்கு நேரே நீட்டினான்.

யஸ்வந்த் போட்டோவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "லிஸ்ட் கிளியராதானே இருக்குது? ஆனது ஆயிடுச்சு, நைட் எடுத்த பேக்கப் இருக்குமே. போட்டுக்கலாம்."

"அது பழையபடி ஏற நாளைக்கு மத்தியானம் ஆவும். இன்னிக்குக் காலையில வந்தவன் எவனும் அதுல இல்ல. வெளிய வரிசைன்னு ஒண்ணு நிக்கும்னு நெனைக்கறீங்களா?"

"அப்போ லிஸ்ட்?" என்றான் சாய்குமார். கெட்டிக்காரன். அதை விடுவதாக இல்லை. அவன் கையும் நகரவில்லை.

வேங்கடாசலம் என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தான். நான் ஃபில்டரைப் பார்த்தேன். என் யோக்யதை அது.

"லிஸ்ட் தப்பு" என்றான்.

"எவரு செய்தது?" என்றான் யஸ்வந்த்.

"நான்தான்."

"ஏன்?"

"ஒங்க நைனா எட்டு வேணாம்னாரு. பேப்பர்ல எடுத்துட்டேன். உள்ள அப்படியே வுட்டுட்டேன். அதனால ஏழுக்கப்புறம் லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் ஒண்ணு கூட. லிஸ்ட்ல ஒன்பதுன்னா உள்ள எட்டு. இவன் தட்டனது நெஜ ஒன்பது."

"இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லலியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"



"சொன்னா புரியற ஆளு யாரும் இங்க இல்லன்னு நெனச்சேன்."

யஸ்வந்தின் காது சிவந்தது. சாய்குமார் மெதுவாக விரலை எடுத்துக்கொண்டு எழுந்தான். குற்றவாளி கிடைத்துவிட்டான், இனி அவனுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை? ஏசிக்கு நேராகப் போய் நின்றுகொண்டான்.

வேங்கடாசலம் உட்கார்ந்தான். மறுபடி முதுகு. எல்எஸ்மேப் என்று ஒரு கட்டளை. எந்த டிஸ்க் யாரிடம் இருக்கிறது என்று நடு ஆள் வரிசையாகச் சொன்னான். புதுச் சர்வரிடமிருந்து ஒன்பதைக் கழற்ற ஒரு வரி அடித்தான். கையை எடுத்தான். படித்தான். வெளியே கேட்டை ஆட்டுகிற சத்தம் கேட்டது. யஸ்வந்த், "த்வரகா, த்வரகா" என்று அவசரப்படுத்தினான். இவன் கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் தட்டினான். அடுத்த வரி, டிஸ்கை டோக்கன் சர்வருக்குத் திருப்பி மாட்டுவது. அதையும் அப்படியே செய்தான். பிறகு டோக்கன் சர்வருக்குள் போய், திடீரென்று பிடுங்கியதில் எழுத்து எதுவும் நைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். அந்தச் சோதனை பதினெட்டு நிமிஷம் ஓடியது. கேட்டில் வாட்ச்மேன்கள் நாலு பேர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். கொடி கட்டின டிராக்டர் ஒன்று வரிசையை விட்டு வெளியே வந்து மூக்கை நீட்டியிருந்தது.

பலகையில் சிவப்பு எரிந்தது. நூற்று நாற்பத்துநான்கு.

கமலம்மா வண்டியை உள்ளே விட்டாள். காய் பார்க்கிறவன் அடியில் இருந்த பதினோரு கூடையைத் தள்ளிவிட்டான். மீதி போயிற்று. அதற்குள் சர்வர் அறையில் நடந்தது யார் மூலமாகவோ யார்டு முழுக்கப் பரவியிருந்தது. ஃபேக்டரியில் குழாய்த் தண்ணீரைவிட வேகமாகப் பாய்வது இது ஒன்றுதான். சாய்குமாரின் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. அவன்தான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே.

வேங்கடாசலம் எடைமேடையில் பிரிண்டரைப் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் வழிமறித்தாள்.

"நீதான் லிஸ்ட்டு தப்பா எழுதன ஆளா?"

"ஆமாம்மா."

"ஆமாவா? ஒத்துக்கினா என் பழம் கெட்டியாயிடுமா? படிச்சவன்தானே நீ? எட்டு எழுதினா ஒன் கை வெந்துடுமா?"

"எழுதியிருக்கணும்."

"இப்ப சொல்லு. வக்கணையா சொல்லு." அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் பாதியைக் குடித்தாள். மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டாள். காலி பாட்டிலை அவன் கையிலேயே திணித்துவிட்டு டிராக்டரில் ஏறினாள். திட்டு வாங்கின ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பதினான்கு வருடத்தில் அவன் வேலையைப் பற்றி அவனிடம் நேராக நின்று பேசின முதல் ஆள் அந்த அம்மாள்தான் என்று நினைக்கிறேன்.

நாலு மணிக்கு யஸ்வந்த் கூப்பிட்டான். ஒரு கடிதம் தயாராக இருந்தது. நடந்ததற்கெல்லாம் வேங்கடாசலம்தான் முழுக் காரணம் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம். சாய்குமார் டைப் அடித்தது. யுபிஎஸ் ரிப்போர்ட் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு நானும் அங்கே நின்றேன். நானாவது அந்தப் பட்டியலுக்கு டேப் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அவன் கடிதத்தைப் படித்தான். இரண்டு கையும் தொடைமேல் இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நடுவில் ஒரு இடத்தில் அடித்தான்.

"என்ன அது?" என்றான் யஸ்வந்த்.

"டிஸ்க் கழட்டன டைம் பதினொன்னு இருபத்திரெண்டுன்னு போட்டிருக்குது. அது நான் திருப்பி மாட்டின டைமு. கழட்டனது பதினொன்னு ஆறு. மிஷின்ல இருக்குது, யாரு பேர்ல தட்டனதுன்னும் இருக்குது. தப்பு என்னுதுதான். நேரமாவது சரியா இருக்கட்டும்."

பதினொன்று ஆறு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டான். கீழேயும் ஒரு கையெழுத்து. சாய்குமார் அந்த நேரத்தில் போனில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

கடிதம் ஃபைலில் போயிற்று. ஆளை அனுப்பவில்லை. சீசன் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. அப்புறம் தீபாவளி போகட்டும் என்றார்கள், போயிற்று. அனுப்பிவிட்டால் அந்த நடு ஆளோடு யார் பேசுவது என்று யஸ்வந்துக்கு இன்னும் தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். திருப்பதி சர்வர் மிஷினின் உண்மையான எட்டாவது டிஸ்கில் ஓடுகிறது. வேங்கடாசலம் கட்டினது. திறப்பு விழாவில் சால்வை சாய்குமாருக்குப் போட்டார்கள்.